ஏரிக்கரையில் நிற்கும் சைக்கிள்

— எங்க அப்பா சைக்கிளைத் திருப்பிக் குடுத்துருங்க சார்.

— ஏய், என்ன பேச்சு இது? மாடிப்படி ஏறும்போதுகூடப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எதை வேணாலும் பேசு, சைக்கிளைக் கேக்குற வேலை மட்டும் வேணாம்னு. சார், நீங்க மனசுல வச்சுக்காதீங்க. அண்ணன் போனதுலேருந்து இவளுக்கு நாக்குல பிரேக்கே கிடையாது.

— பிரேக் இருந்துச்சு சித்தப்பா. நீங்களும் அம்மாவும் சேந்து புடிச்சு வச்சிருந்தீங்க. தேஞ்சு போச்சு.

— விடுப்பா, பொண்ணு கோவத்துல இருக்கு. நீ போய் அந்த ஹெல்மெட்டையெல்லாம் துடைச்சு அடுக்கு. நாளைக்குக் காலையில வந்ததும் வராததுமா அள்ளிக்கிட்டு ஓடுவாங்க. நீ உக்காரும்மா. அந்தச் சேர் வேணாம், என் ஈர ஜெர்சி கிடக்கு. இதுல உக்காரு. காபி போடவா? நம்ம சைக்கிள் கிளப்ல கொட்டையை நானே அரைச்சுப் போடுறது.

— வேணாம் சார். காபி குடிக்க வரல.

— தெரியும்மா. நான்தானே வரச் சொன்னேன். சித்தப்பா விஷயத்தைச் சொல்லியிருப்பாரே. நாளைக்கு ஏரிக்கரையில சைக்கிள் பாதை திறக்குறோம். மேயர் வர்றார், டிவிக்காரங்க வர்றாங்க. அப்பா சைக்கிளுக்குப் பக்கத்துல நின்னு நீ ரெண்டு வார்த்தை பேசணும். பெருசா ஒண்ணும் இல்ல. நானே எழுதி வச்சிருக்கேன். இந்தா, ஒருதடவை வாய்விட்டு வாசிச்சுப் பாரு.

— "என் அப்பா சைக்கிளை உயிராக நேசித்தார்." இது யார் சொன்னது?

— எதும்மா?

— உயிரா நேசிச்சாருன்னு.

— இத்தனை வருஷமா மழையோ வெயிலோ தினமும் சைக்கிள்லயே வேலைக்குப் போன மனுஷன். அது நேசம் இல்லாம வேற என்ன?

— அது பஸ் இல்லாதது சார்.

— ஏம்மா, சாருக்குத் தெரியாததா?

— தெரியல சித்தப்பா, பாருங்க, எழுதியே வச்சிருக்காரு. குடோன் ரோட்டுக்கு விடியறதுக்கு முன்னாடி பஸ் கிடையாது சார். ஐஸ் குடோன்ல அப்பாவுக்கு எப்பவும் முதல் ஷிஃப்ட்டு. சைக்கிளைக் கண்டாலே ஆகாது அவருக்கு. வீட்டுக்கு வந்ததும் முட்டியில தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டு முதல்ல அதைத்தான் திட்டுவாரு. "சனியனே, என்னைக்கு நீ என்னை விடப்போற"ம்பாரு. எனக்கு வேலை கிடைச்சதும் என்னப்பா வாங்கித் தரட்டும்னு கேட்டேன். "உக்காந்து போற மாதிரி எதையாவது வாங்குடி"ன்னார். சைக்கிள்லயும் உக்காந்துதானேப்பா போறீங்கன்னேன். "அது உக்கார்றதா, தொங்குறது"ன்னார்.

— பிரமாதம். நல்ல ஹ்யூமர் அவருக்கு. இதைக்கூடப் பேச்சுல சேத்துக்கலாம். ஆனா கடைசியில பாசிட்டிவா முடிக்கணும்.

— அண்ணன் அப்படித்தான் சார், வாய்தான் பேசும். மனசுல ஒண்ணும் இருக்காது.

— மனசுல இருந்ததைத்தான் வாய் பேசுச்சு சித்தப்பா. சார், பேப்பரை அந்தப் பக்கம் வைங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— பாரும்மா. எமோஷனலா யோசிக்காத. அது இப்ப உங்க வீட்டுச் சைக்கிள் மட்டும் இல்ல. இந்த ஊர்ல சைக்கிள்ல ஆபீஸ் போற அத்தனை பேரும் உங்க அப்பாவை நம்ம ஆளுன்னு சொல்றாங்க. அதைத் தாண்டிப் போகும்போது மணி அடிச்சுட்டுப் போறாங்க. வெயிட்டான விஷயம் இது.

— எப்பலேருந்து?

— என்ன எப்பலேருந்து?

— நம்ம ஆளு ஆனது. உயிரோட இருந்தப்ப பாலத்து சிக்னல்ல உங்க கூட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டாராம். பின்னாடியிருந்து ஒருத்தர், "பெரியவரே, ஓரமாப் போங்க, லைன் உடையுது"ன்னு கத்துனாராம். இன்னொருத்தர் சொன்னாராம், ஹெல்மெட் இல்ல, லைட் இல்ல, இந்த மாதிரி ஆளுங்களாலதான் நம்ம பேரு கெடுதுன்னு. ராத்திரி சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல.

— அது யாராவது புதுசா சேந்தவங்களா இருக்கும். நம்ம கிளப்ல அப்படிப் பேச மாட்டாங்க.

— இருக்கலாம். இப்பதான் அவரை ஓரமாப் போங்கன்னு சொல்ல முடியாதே. சங்கிலி போட்டுக் கட்டி வச்சிட்டீங்க.

— இங்க பாரு, சாரை எதிர்த்துப் பேசுறதுக்கா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினோம்? எந்திரி. வா, போலாம்.

— ஆமா சித்தப்பா, இதுக்குத்தான் அனுப்பினாரு. நம்ம வீட்டுல அதுவரைக்கும் ஒருத்தரும் எதிர்த்துப் பேசலையாம். யாராவது ஒருத்தர் படிச்சுட்டு வந்து பேசட்டும்னாரு.

— நீ இரேன்ப்பா. அவ பேசட்டும், நான் கேக்குறேன். எனக்கு ஒண்ணும் இல்ல.

— உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார், அதான் பிரச்சினையே. சரி, அப்பா லாரியில அடிபட்டுப் போன அந்த வாரம் எங்க வீட்டுக்கு வந்தீங்களே. அம்மாகிட்ட என்ன சொல்லிச் சைக்கிளைக் கேட்டீங்க?

— உள்ளதைத்தான் சொன்னேன். உலகம் பூரா சைக்கிள்காரங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு. ரோட்டுல அடிபட்டு ஒருத்தர் செத்துட்டா, ஒரு சைக்கிளுக்கு முழுசா வெள்ளையடிச்சு, செத்த இடத்துல கம்பத்தோட கட்டி வைக்கிறது. பாக்குறவனுக்கு ஒரு நிமிஷம் மனசு நின்னு போகும். பொதுவா ஏதாவது பழைய சைக்கிளைத்தான் வைப்பாங்க. அவர் ஓட்டுன சைக்கிளே கிடைச்சா அதைவிட மரியாதை இல்லைன்னு நான்தான் கேட்டேன்.

— செத்த இடத்துல.

— ஆமா, செத்த இடத்... பாரும்மா, நீ எங்க வர்றேன்னு தெரியுது.

— அம்மா உங்ககிட்ட என்ன கேட்டாங்கன்னு ஞாபகம் இருக்கா? "அங்க வச்சா லாரிக்காரன் பாத்து மெதுவாப் போவானா தம்பி"ன்னு கேட்டாங்க. கண்டிப்பாம்மான்னீங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் குடுத்தாங்க. மரியாதைக்கு இல்ல.

— வச்சோமே. குடோன் திருப்பத்துல, அந்த லைட் கம்பத்துல வச்சோமா இல்லையா? நானே என் கையால பெயிண்ட் அடிச்சேன். கிளினிக்கை மூடிட்டு வந்து அடிச்சேன்.

— வச்சீங்க. மழைக்காலம் வர்றதுக்குள்ள தூக்கிட்டீங்க.

— தூக்கல. மாத்துனோம்.

— பல்லைப் பிடுங்கிட்டு, பிடுங்கல, எடுத்தோம்னு சொல்ற மாதிரி இருக்கு சார்.

— ஏய்.

— விடுப்பா, பல் டாக்டர்கிட்ட எல்லாரும் சொல்ற ஜோக்குதான். இதோ பாரும்மா, நான் ப்ராக்டிகலா பேசுறேன். அந்த ரோட்டுல யாரு பாக்குறா?

— லாரிக்காரன் பாக்குறான்.

— அவன் பாத்து என்ன ஆகப்போகுது?

— பிரேக்குல கால் வைப்பான். வேற யாரு பாக்கணும் அதை? இருட்டோட வர்றவனுக்கு வெள்ளையா ஏதோ நிக்குதேன்னு தோணும். அது நின்ன வரைக்கும் அந்தத் திருப்பத்துல வண்டியை மெதுவாத்தான் எடுத்தாங்க. அப்பாகூட வேலை பாத்தவங்க வந்து வந்து சொல்லுவாங்க. நீங்க எடுத்தப்புறம் பழையபடி ஆயிருச்சு. பேக்கிங்ல வேலை செய்யுற அக்கா ஒருத்தி, அவளும் முதல் ஷிஃப்ட்டுக்குச் சைக்கிள்லதான் வருவா. ரிவர்ஸ்ல வந்தவன் கால்மேல ஏத்திட்டான். அதே இடம்.

— கேள்விப்பட்டேன். வருத்தமான விஷயம். நம்ம குரூப்ல எல்லாரும் இரங்கல் போட்டோம்.

— அவ சாகல சார்.

— ஆங்?

— கால்தான் போச்சு. உயிரோடதான் இருக்கா. இரங்கல் போட்டீங்களா?

— அது... யாரோ தப்பா எழுதி, அப்படியே எல்லாரும்... சரி, அதை விடு. நான் சொல்ல வர்றது வேற. குடோன் ரோட்டுக்கு மேயர் வருவாரா? கேமராதான் வருமா? ஏரிக்கரையில கொண்டுவந்து நிறுத்தினோம். நடக்க வர்றவங்க, ஓட வர்றவங்க, கைக்குழந்தையோட வர்றவங்க, எல்லாரும் பாத்தாங்க. பேப்பர்ல படம் வந்துச்சு. ஒரு உயிர் போயும் இந்த ஊருக்கு ஒரு சைக்கிள் பாதை இல்லையான்னு எழுதினாங்க. வருஷக்கணக்கா நாங்க மனு குடுத்து நடக்காதது நடந்துச்சு. அப்பாவோட சாவு வீணாப் போகல. அதைப் பாரு நீ.

— பாதை எங்க சார் போட்டிருக்கீங்க?

— ஏரிக்கரையிலதான்.

— ஏரிக்கரையில யாராவது செத்தாங்களா?

— பாரும்மா...

— ஏரிக்கரையில லாரியே விடுறதில்லையே சார். காலையில காரைக்கூட விடாம கயிறு கட்டுறாங்க. அங்க எதுக்குப் பாதை?

— எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ண முடியாது. எங்க எதிர்ப்பு கம்மியோ அங்க முதல்ல ஆரம்பிக்கணும். அப்புறம் ஒவ்வொரு ரோடா வரும். ரெண்டாம் கட்டம், மூணாம் கட்டம்னு போகப்போக குடோன் ரோடும் வரும். கொஞ்சம் பொறுத்துக்கணும்.

— யாரு பொறுத்துக்கணும்? நீங்களா, அந்த அக்காவா?

— உனக்கு நான் எதிரியாத் தெரியறேன் இல்ல? நானும் தினமும் கிளினிக்குக்குச் சைக்கிள்லதான் போறேன். வீட்டுல ரெண்டு கார் நிக்குது. இருந்தும் போறேன்.

— அதான் சார் வித்தியாசம். கார் நிக்குது, இருந்தும் போறீங்க. அப்பாவுக்கு எதுவும் நிக்கல, அதனால போனார். ரெண்டு பேரும் பெடல்தான் மிதிக்கிறீங்க. அவர் மிதிச்சா யாரும் போட்டோ எடுக்கல.

— போதும்மா. துடைச்ச ஹெல்மெட்டையே நான் திரும்பத் திரும்பத் துடைச்சுக்கிட்டிருக்கேன். போதும், வா.

— சித்தப்பா ஏன் துடைச்சதையே துடைக்கிறார்னு உங்களுக்குத் தெரியுமா சார்?

— நீ கேக்குறதுனால நானே சொல்லிடுறேன். உங்க வீட்டுல சொல்லாம நாங்க எதையும் மாத்தல. உங்க சித்தப்பாதான் வேன்ல கூடவே வந்து, தன் கையால இறக்கி வச்சார். ஏம்ப்பா, வீட்டுல சொல்லலையா நீ?

— சார்...

— வீட்டுல வேற மாதிரி சொன்னார் சார். பெயிண்ட் உரிஞ்சுபோச்சு, டாக்டர் புதுசா அடிக்கக் கொண்டுபோயிருக்காருன்னு அம்மாகிட்ட சொன்னார். அம்மாவும் நம்பிட்டாங்க. நானும் நம்பினேன். என் லேப்ல கூட வேலை பாக்குறவ ஒருத்தி, லீவு நாள்ல உங்ககூடச் சைக்கிள் ஓட்ட வர்றவ. தண்ணி சாம்பிளைக் குலுக்கிக்கிட்டே எனக்குக் கதை சொல்றா. ஏரிக்கரையில ஒரு வயசானவர், பாவம், தடுமாறி விழுந்து செத்துட்டாராம்டி, அவர் சைக்கிளை வச்சிருக்காங்க, நாங்க எல்லாரும் அதுகூட நின்னு படம் எடுப்போம்னு. தடுமாறி விழுந்தாராம். படத்தையும் காட்டுனா. அப்பா சைக்கிளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ரெண்டு விரலைக் காட்டுறா.

— நான் என்னம்மா பண்ணட்டும்? சொல்லு. அண்ணன் போனதும் உங்களையும் சேத்து யாரு பாக்குறது? சார் கிளினிக்ல ஒரு வேலையைப் போட்டுக் குடுத்தார். கிளப் சாவியையும் நம்பிக் குடுத்தார். "வேன்ல ஏத்து"ன்னார், ஏத்துனேன். அண்ணனைத் தோள் குடுத்துத் தூக்கிட்டுப் போனவன் நான். அந்தச் சைக்கிளைத் தூக்கினப்பவும் அப்படித்தான் இருந்துச்சு. அதே கனம். யார்கிட்ட போய்ச் சொல்ல?

— என்கிட்ட சொல்லியிருக்கலாம்.

— சொன்னா இப்படித்தான் வந்து நிப்பேன்னு தெரியும்.

— சரி சரி, ரெண்டு பேரும் நிறுத்துங்க. குடும்பத்துக்குள்ள சண்டை வேணாம். நான் ஒரு வழி சொல்றேன். உனக்குச் சைக்கிள்தானே வேணும்? இதோ, சுவத்துல தொங்குதே, அந்த நீலக் கலர். ஃப்ரேமைத் தூக்கிப் பாரு, சின்னக் குழந்தை மாதிரி இருக்கும். ஒருதடவைதான் ஓட்டியிருக்கேன். நீ எடுத்துக்கோ. லேபுக்கு அதுலயே போ.

— எனக்கு ஓட்டுறதுக்குச் சைக்கிள் வேணும்னா நானே வாங்கிக்குவேன் சார். அது அந்தத் திருப்பத்துல நிக்கணும். அவ்வளவுதான் நான் கேக்குறது. நாளைக்குத் திறப்பு விழாவை நல்லா நடத்துங்க, ரிப்பனை வெட்டுங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன். அப்பா சைக்கிளை மட்டும் அது இருந்த இடத்துல வச்சிருங்க.

— நாளைக்கு அந்தச் சைக்கிள் இல்லாம விழாவே இல்லம்மா. மேயர் அதுக்குப் பூ வச்சுட்டுத்தான் ரிப்பனையே வெட்டுறார்.

— அப்ப நாளைக்கு அப்புறம்?

— அப்புறமும்... பாரு, பலகையெல்லாம் அடிச்சாச்சு. கல்லுல பீடம் கட்டியாச்சு. வருஷா வருஷம் அங்கேருந்துதான் நம்ம ரைடு கிளம்பப்போகுது. திடீர்னு எடுத்தா ஜனங்க என்ன நினைப்பாங்க?

— அங்க ஒருத்தரும் சாகலைன்னு நினைப்பாங்க.

— நீ விட மாட்ட இல்ல? சரி. இதுக்கு மேல என்னால இறங்கி வர முடியாது, கேட்டுக்கோ. விழா முடியட்டும். பழைய இரும்புக் கடையில ஏதாவது ஒரு சைக்கிளை எடுத்து, வெள்ளையடிச்சு, உங்க குடோன் திருப்பத்துல நிறுத்திருவோம். லாரிக்காரனுக்கு என்ன தெரியப்போகுது? வெள்ளையடிச்சா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். உங்க அம்மாகிட்டகூடச் சொல்ல வேண்டியதில்ல.

— அந்தப் பழைய இரும்பை ஏரிக்கரையில வச்சுக்கிட்டு, அப்பா சைக்கிளை எங்களுக்குத் தரலாமே?

— அது எப்படிம்மா? இத்தனை பேரு நம்பி வந்து நிக்குற இடத்துல, ஊர் பேர் தெரியாத ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து வைக்க முடியுமா? அதுல ஒரு நேர்மை வேணாமா?

— நேர்மை.

— ஆமா.

— சரி சார். இதை உங்க வாயால ஒருதடவை கேக்கணும்னு இருந்தேன். கேட்டாச்சு. நாளைக்கு நான் வரல. அம்மாவும் வர மாட்டாங்க. கிளம்புறேன்.

— நில்லு. இப்படிப் படக்குன்னு எந்திரிச்சா எப்படி? உங்க சித்தப்பா வேலையைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு. நான் ஒண்ணும் சொல்லல. நினைச்சுப் பாருன்னு மட்டும் சொல்றேன்.

— கேட்டீங்களா சித்தப்பா? ஒண்ணும் சொல்லலையாம்.

— ஏம்ப்பா, இந்தப் பொண்ணு நிக்குற நிலையைப் பாத்தா எனக்குச் சரியாப் படல. நீ ஹெல்மெட்டை அப்படியே போட்டுட்டு இப்பவே ஏரிக்கரைக்குப் போ. அந்தச் சைக்கிளுக்கு இன்னொரு சங்கிலி போட்டுப் பூட்டு. விடியற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்துக்கோ.

— தேவையில்லீங்க சார்.

— என்ன தேவையில்ல? ராத்திரியோட ராத்திரியா அவ தூக்கிட்டுப் போயிட்டா?

— தூக்க மாட்டா சார்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— தெரியும் சார்.

— சித்தப்பா. உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும்மா. வாராவாரம் நான்தானே துடைக்கிறேன்.

— எப்பலேருந்து தெரியும்?

— நீ செஞ்ச மறுவாரமே. துணியை வச்சதும் தெரிஞ்சுபோச்சு. எங்க அண்ணன் சைக்கிள் எனக்குத் தெரியாதா? அன்னைக்கு அங்கேயே உக்காந்து சிரிச்சேன். அழுதேனோ என்னவோ. நாலு பேரு நின்னு வேடிக்கை பாத்தாங்க.

— ஏன் சித்தப்பா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?

— சொன்னா நான் சார்கிட்டயும் சொல்லணும்ல.

— என்ன பேசுறீங்க ரெண்டு பேரும்? என்ன தெரியும்? எனக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுங்க.

— நான் சொல்றேன் சார். குடுத்துடுறேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உக்காந்து, காபியும் வாங்கிக் குடிச்சுட்டு, மன்னிப்பு கேட்டுட்டுச் சொல்லியிருப்பேன். இப்ப வாசல்ல நின்னு சொல்றேன். ஏரிக்கரையில நிக்குறது எங்க அப்பா சைக்கிள் இல்ல. பழைய இரும்புக் கடையில நான் எடுத்தது. நானே வெள்ளையடிச்சேன். அப்பாகூட வேலை பாத்தவங்க நாலு பேரு வந்து, உங்க பூட்டை அறுத்து, இதை மாத்தி வச்சுட்டு, வேற பூட்டு போட்டாங்க. அதுக்குத்தான் நீங்க மணி அடிச்சுட்டுப் போறீங்க. அதுக்குத்தான் நாளைக்கு மேயர் பூ வைக்கப்போறார்.

— பொய். சும்மா என்னை மிரட்டுற. அப்படின்னா நிஜமான சைக்கிள் எங்க? எங்க ஒளிச்சு வச்சிருக்க?

— ஒளிக்கவே இல்ல சார். குடோன் திருப்பத்துல, நீங்க முதல்ல கட்டுன அதே கம்பத்துல, போற வர்ற எல்லாரும் பாக்குற மாதிரி மழை விட்டதுலேருந்து நிக்குது. உங்க கிளப்ல ஒருத்தராவது, ஒரே ஒருநாளாவது அந்த ரோட்டுல சைக்கிள்ல வந்திருந்தா பாத்திருப்பீங்க.